எந்த ஊர்ல, எந்த வயசுக்கு

“வேலை இல்லை” என்று அவர் முன்னால் யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

“எந்த ஊர்ல இல்ல? எந்த வயசுக்கு இல்ல?”

இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வேலை தேடக் கிளம்பியவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸுக்கு நான் குடிவந்த முதல் நாள் மாலை அந்தக் கோபத்துக்கு நானும் ஆளானேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பேக்டரிகள் ஆள் எடுப்பதை விட்டுவிட்டு ஆள் குறைத்துக்கொண்டிருந்தன. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும் என்று ஓர் ஆன்டி கட்டில்களை வாடகைக்கு விட்டிருந்தார். வேலை தேடி வருகிறவளுக்கு ஒரு மாதம் தவணை தருவார். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். “வேலை இல்லாத பொண்ண வச்சிருந்தா வீட்டுக்கு வேற பேரு வந்துரும்” என்பார். எனக்குக் கிடைத்தது ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டில்தான் அந்தக் கோபக்கார அக்காவுடையது.

எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் தேறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல உட்கார்ந்திருந்தார்.

“கே.எல்.ல எங்கயும் வேலை இல்லையாம்க்கா” என்றேன், பேச்சுக்காக.

“எந்த வயசுக்கு இல்ல?”

“எல்லாருக்கும்தான்.”

“எல்லாருக்கும்னு ஒண்ணு கெடையாது. உனக்கு என்ன வயசு?”

“பத்தொம்பது.”

“படிப்பு?”

சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். எங்கள் தோட்டத்தில் தேறியது நான் மட்டும்தான், டைப்பிங்கும் தெரியும் என்று சேர்த்துக்கொண்டேன்.

“உங்க தோட்டத்துல நீ ஒருத்திதான் பாஸ். இந்த ரோட்ல உன்ன மாதிரி வீட்டுக்கு ரெண்டு பேரு. ரெண்டும் வீட்லதான் இருக்கு. நீ கிள்ளானுக்குப் போ.”

“நான் கிள்ளான்லேருந்துதான்க்கா வந்தேன்.”

“அப்ப ஏற வேண்டிய பஸ்ஸ விட்டுட்டு வேற பஸ்ல ஏறிட்ட.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோட்டத்தை விட்டு வெளியே போவதற்காகவே படித்தவள் நான். திரும்பி அதே பக்கம் போ என்று சொல்ல, தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்ற, பேக்டரிச் சீருடை போட்ட ஒருத்தி யார்? வீம்புக்கு இரண்டு வாரம் கோலாலம்பூரின் மாடிப்படிகளில் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வரவேற்பறையிலும் என்னைப் போலவே பிளாஸ்டிக் உறையோடு ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வாரம் யாருக்கும் சொல்லாமல் கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். துறைமுகத்துப் பக்கம், கப்பல் சரக்குகளுக்குத் தாள் வேலை செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். தமிழ் பேசும், டைப்பிங் தெரிந்த பெண் வேண்டும் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே வரச் சொன்னார்கள்; பிரிக்பீல்ட்ஸிலிருந்தே தினமும் பஸ்ஸில் போய்வரலாம்.

அக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னேனா இல்லையா என்று குத்திக்காட்டவும் இல்லை.

“இன்னும் ஆள் எடுக்குறானா? வயசு என்ன கேக்குறான்?” என்றார்.

அவருக்கு இது ஒரு நோய் மாதிரி. மினி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எங்கே வேலை என்று தொடங்கி, உங்க கம்பெனியில் கடைசியாக ஆள் எடுத்தது எப்போது, எடுத்த ஆளுக்கு மீசை முளைத்திருந்ததா என்பது வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். காஜாங்கில் இருந்து ஒருவர் உறவுக்காரரைப் பார்க்க வந்தாலும் சரி, கோயிலில் கிள்ளான்காரர் ஒருவர் அர்ச்சனைத் தட்டோடு நின்றாலும் சரி, விடமாட்டார். ஊருக்கு ஊர், வயதுக்கு வயது மனசுக்குள் நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். “காஜாங்ல மரக் கம்பெனி ஆள் எடுக்குது, ஆனா ஆம்பளைங்க மட்டும். சுங்கைவேல பொம்பளைங்கள எடுப்பான், ஆனா இருபத்தஞ்சு தாண்டக் கூடாது. கிள்ளான் ஆபீஸுங்கள்ல வயசு பாக்க மாட்டான், படிப்புப் பாப்பான்.”

விடிகாலையில் பேக்டரி பஸ்கள் பெரிய ரோட்டில் பெண்களை ஏற்றிப்போக வரும். தன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் அக்கா மற்ற பஸ்களின் ஜன்னல்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“நின்னுக்கிட்டுப் போனா ஆள் எடுக்குறான். எல்லாம் உக்காந்துக்கிட்டுப் போனா, இருக்குறது போதும்னு நெனைக்கிறான். ஜன்னல் சீட்டே காலியாப் போகுதா, அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காத.”

அப்படித்தான் ரவாங் போகும் சிவப்புக் கோடு போட்ட பஸ்ஸை அவர் தள்ளிவைத்தார். மாதா மாதம் அதில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. “ரவாங் முடிஞ்சிச்சு” என்று வீட்டில் எல்லாருக்கும் சொன்னார். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அவருடைய பேச்சு சில சமயம் அறுத்துவிடும். அடுத்த வீட்டில் மகளோடு இருந்த அங்கிள் ஒருவர் ஈயச் சுரங்கமான லம்பத்தில் வேலை செய்தவர். லம்பத்தை மூடிவிட்டார்கள். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “எனக்கும் ஒரு வேலை பாத்துச் சொல்லும்மா. உனக்குத்தான் எல்லா எடமும் தெரியுதே” என்றார். குரலில் கிண்டலும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது.

அக்கா துணி காயப்போடுவதை நிறுத்தவில்லை. “அம்பது தாண்டியாச்சு. மலாய் பேசுவீங்க, எழுத வராது. இந்தப் பக்கம் உங்களுக்கு ஜாகா வேலைதான் அங்கிள். வேற எதுக்கும் நடக்காதீங்க, கால்தான் வலிக்கும்.”

“நான் வாசல் காக்கணுமா? என்னைக் கெழவன்னு சொல்ல நீ யாரு?”

“நானா சொல்றேன்? கேட்ல தொங்குற போர்டு சொல்லுது லா.”

அவர் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். சில வாரங்கள் கழித்து ஜாகா சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்தார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் போனார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காஜாங் பக்கம் போயிருந்தா பகல் ஷிப்டு கெடைச்சிருக்கும்” என்றார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. மனுஷர்களைப் பார்க்கும்போது இவருக்கு வயதும் ஊரும்தான் தெரிகிறதா, முகம் தெரியவே தெரியாதா?

பிறகு சுங்கைவேயில் அவருடைய பேக்டரியிலேயே ஆள் குறைத்தார்கள். வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலத்தான் அதையும் சொன்னார். “முப்பத்தஞ்சுக்கு மேல உள்ளதுங்கள மொதல்ல நிறுத்திட்டான். கண்ணு மங்கிடுமாம். நானும் நின்னாச்சு.”

“உங்களுக்கு எத்தனைக்கா?”

“எந்த வயசக் கேக்குற?”

அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து, குழந்தையாகவே காய்ச்சலில் இறந்திருக்கிறது. அக்கா பிறந்தபோது பதிவு செய்ய வேண்டுமானால் அவர் அப்பா டவுனுக்குப் போக வேண்டும். டவுனுக்குப் போனால் அன்றைய பெரட்டில், அதாவது விடிகாலை ஆள் கணக்கில், பேர் விழாது, சம்பளம் போகும். “பேரும் பத்திரமும் ஒண்ணு வீட்ல சும்மாத்தானே கெடக்குது” என்று செத்துப்போன குழந்தையின் பெயரையும் பிறப்புப் பத்திரத்தையும் இவருக்கே வைத்துவிட்டார். அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் பிறகு ஐ.சி. என்கிற அடையாள அட்டையை எடுத்தார்கள். அந்தத் தோட்டத்தில் இப்படி இரண்டு மூன்று வீடுகளில் நடந்ததாம். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

“பன்னெண்டு வயசுல என்னைப் புல்லுவெட்டுல பேர் ஏத்துனாங்க. பத்திரத்துல பதினாறு. அப்ப எங்க அக்கா எனக்கு வேலை வாங்கிக் குடுத்தா” என்று சிரித்தார். “இப்ப எனக்கு முப்பத்திரெண்டு. அவளுக்கு முப்பத்தாறு. இப்ப என்னை வேலையை விட்டுத் தூக்குறதும் அவதான்.”

யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புவார். காது மந்தம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவருடையது இல்லை. வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டதற்கு, “பாப்பான்னு. வேற பேரு எதுக்கு?” என்று முடித்துவிட்டார்.

தீபாவளி வரைக்கும் ஆன்டி தவணை கொடுத்தார். பழகிய ஆள் என்பதால் ஒரு மாதத்துக்கும் கொஞ்சம் மேலே. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அக்கா காப்பாரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணன் நல்லவர்தான். ஆனால் வீட்டில் நான்கு பிள்ளைகள், அடுத்தது வயிற்றில்.

“அங்க போனா சோறு கெடைக்கும், கட்டில் கெடைக்கும். வெளிய வர வழி மட்டும் கெடைக்காது. கல்யாணம் ஆகாத தங்கச்சி சும்மா கெடைச்ச ஆயா. பிள்ளைங்க வளந்து முடியிறப்ப எனக்கு எந்த வயசுக்கு என்ன வேலை இருக்கும்னு நெனைக்கிற?”

பதில் அவருக்கே தெரியும். அதனால்தான் கேட்டார்.

ஊருக்கெல்லாம் வேலை சொன்னவர் தனக்காக ஓடத் தொடங்கினார். கிள்ளானில் மீன் பதப்படுத்தும் இடம், பெட்டாலிங் ஜெயாவில் பிஸ்கட் பேக்டரி, காஜாங்கில் தையல் கடை. எல்லா இடத்திலும் முதலில் கேட்டது ஐ.சி.யைத்தான். அதைக் கையில் வாங்கியவர்கள் பிறந்த வருடத்தைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். சாயங்காலம் வந்து கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்வார். வீட்டுப் பெண்கள் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆன்டி மட்டும் காலண்டருக்குப் பக்கத்தில் நின்று இருமுவார். இருமல் வந்து இருமியதில்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை நான் சொன்னேன். “ரவாங் போய்ப் பாக்கவே இல்லையேக்கா.”

“காலி பஸ் பின்னாடி ஓடச் சொல்றியா?”

“வேற எந்த ஊர் மிச்சம் இருக்கு, சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். ஒரு ஊரும் வரவில்லை. அவரிடம் ஊர் இல்லாமல் போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். எழுந்து புடவை மாற்றினார். “நீயும் வா. இங்கிலீஷ் பேசணும்னா பேசு. ஆனா நான் சொன்னா மட்டும் பேசு” என்றார்.

ரவாங்கில் இறங்கி வெயிலில் நடந்தோம். பேக்டரி மூடியிருக்கும் என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மூடவில்லை. உள்ளே இயந்திரச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. கேட்டில் ‘ஜாவாத்தான் கொசோங்’ என்று வேலை காலி போர்டு புதுப் பெயின்டில் தொங்கியது. பெண்கள், அனுபவம் இருந்தால் முப்பத்தைந்து வயது வரை. அக்கா அதை இரண்டு முறை படித்தார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு சீன அம்மா. மலாயில் பேசினார். அக்கா வேலை செய்த இடத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. என்ன இயந்திரம், எத்தனை பேர் வரிசை என்று கேட்டார். அக்கா பட்டென்று பதில் சொன்னார். பிறகு அந்த அம்மா கையை நீட்டினார். அக்கா ஐ.சி.யை எடுத்தார், உடனே கொடுக்காமல் விரலிடுக்கில் வைத்திருந்தார். அந்த அம்மாவே மெதுவாக உருவிக்கொண்டார்.

“ஒரு வருஷம் கூடுதல்” என்றார்.

“ஒரு வருஷம்தானே மேடம்” என்று நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

“மேலிடத்து உத்தரவு. நான் என்ன செய்யட்டும்?”

அந்த வயதே அவருடையது இல்லை, நிஜ வயது இது என்று சொல்லிவிட எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் சொல்லலாம் என்று வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது. மேசைக்கு அடியில் அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. வளையல் உள்ளே அழுந்தி வலித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

வெளியே வந்ததும்தான் பேசினார். “செத்தவளோட பத்திரத்த வச்சு ஐ.சி. எடுத்தவன்னு சொல்லப் போனியா? வேலை போனா வேற ஊரு பாக்கலாம். ஐ.சி.யே போச்சுன்னா எந்த ஊர்க்காரிடி நான்?”

படித்தவள் என்று கூட வந்து நான் செய்தது ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் வளையல் தடம் சிவந்திருந்தது. பேக்டரி மதிலை ஒட்டி நிழலில் நடந்தோம். பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழி அதுதான்.

மதிலின் பின்பக்கம் ஒரு புது மாடிக் கட்டடம். சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. மாடிக் கம்பிகளில் வரிசை வரிசையாகச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் சிவப்புக் கோடு போட்ட சட்டைகள். கீழே இரண்டு பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டில் நின்ற ஒரு பையனின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா நின்றுவிட்டார்.

“இங்கயேவா தங்குதுங்க எல்லாம்?”

“ஹாஸ்டல் போல இருக்குக்கா.”

“அதான் பஸ்ஸு காலி.” தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார். “ஆள் கொறையல. பஸ்ல வர ஆள்தான் கொறைஞ்சிருக்கு. நான் ஒரு மடச்சி. ஊரையே இந்தப் பக்கம் வரவிடாம வச்சிருந்தேன்.”

கொஞ்ச நேரம் அந்தச் சட்டைகளைப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிள் பையனைப் பார்த்தார். சிரித்த பெண்ணைப் பார்த்தார். அவர் மனசுக்குள் ஏதோ ஓடுவது எனக்குத் தெரிந்தது. திடீரென்று திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார். நான் ஓட வேண்டியிருந்தது.

“எங்கக்கா?”

“இத்தனை வயசுப் பொண்ணுங்க இங்க இருக்கே. இதுங்கள யாரு பாத்துக்குறா?”

அந்த அம்மா எங்களை மறுபடியும் பார்த்ததும் சலிப்போடு பேனாவைக் கீழே வைத்தார். அக்கா உட்காரவில்லை. மலாயில், நேராகக் கேட்டார். ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த வயசுக்கு எடுக்கிறீர்கள்?

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். “இருந்தவள் இருபத்தாறு. சின்னப் பெண்களுக்குச் சின்னப் பெண்ணைக் காவல் வைத்தால், கடைசியில் அவளையும் சேர்த்து நான்தான் தேட வேண்டியிருக்கிறது. இப்போது முப்பத்தைந்துக்குக் கீழே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.”

நான் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அது தயங்கவில்லை. ஐ.சி.யை எடுத்து மேசை மேல் வைத்து, ஒரு விரலால் அந்த அம்மா பக்கம் தள்ளியது.

அந்த அம்மா பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் ஐ.சி.யைப் பார்த்தார்.

“வயது தெரியவே இல்லையே உனக்கு” என்றார்.

“கவலை கம்மி மேடம்” என்றார் அக்கா.

தீபாவளிக்கு முந்தின நாள் அவர் பெட்டி கட்டினார். ஆன்டி முறுக்கு டின் ஒன்றைக் கொடுத்து, “ரவாங்ல எனக்கும் ஒரு எடம் பாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேக்டரி பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. அவற்றின் ஜன்னல்களைக்கூட அவர் பார்க்கவில்லை.

“கடைசியில உங்க அக்காதான் வாங்கிக் குடுத்தாங்க” என்றேன், சிரிக்க வைப்பதற்காக.

“வாங்கித்தான் குடுத்தா. அவ திரும்பக் கேக்குற நாளும் வரும்.” ரவாங் பஸ் வளைவில் திரும்பியது. பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “அம்பத்தஞ்சு ஆச்சு, வீட்டுக்குப் போன்னு அவளத்தான் அனுப்புவாங்க. எனக்கு அப்ப அம்பத்தொண்ணுதான் ஆயிருக்கும்.”

படியில் ஏறி நின்று திரும்பினார். கண்ணில் அந்தப் பழைய கோபம் வந்துவிட்டிருந்தது.

“அப்ப அம்பத்தொண்ணுக்கு எந்த ஊர்ல ஆள் எடுக்குறான்னு நீ பாத்து வை. படிச்சவதானே.”